இறந்தவர் கணக்கில் மைல் இல்லை

போன வாரம் சென்னை விமான நிலையத்தில் ஓர் அம்மாவை வழியனுப்பிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. வாரா வாரம் யாரையாவது திட்டுகிறீர்களே என்று சிலர் எழுதுகிறீர்கள். இந்த வாரமும் திட்டத்தான் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

அந்த அம்மா என் நண்பன் ரஃபீக்கின் மனைவி. அவர்கள் வீட்டு வழக்கப்படி, அண்ணி என்கிற முறையில் பாபி என்று கூப்பிடுவேன். ரஃபீக் ஆம்பூரில் ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்த்தவன். அங்கேயே ஷிப்பிங் பேப்பர் பார்த்தவன் நான். இத்தாலி, ஜெர்மனி என்று பறந்துகொண்டே இருப்பான். பெரிய ராஜபோகம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி கொடுப்பது எகானமி டிக்கெட். பெரும்பாலும் நடு சீட். பெட்டி நிறைய ஒற்றைக் கால் ஷூக்கள் — சாம்பிளுக்கு ஒரு கால்தான் கொண்டுபோவார்கள். சென்னை கஸ்டம்ஸில் ஒருத்தர், இன்னொரு கால் எங்கேய்யா என்று கேட்டிருக்கிறார். "ஆம்பூர்ல குந்திக்கினு இருக்குது சார், ஆர்டர் வந்தா வரும்" என்றானாம்.

இப்படிப் பறந்ததில் அவன் பேரில் மைல் சேர்ந்தது. அடிக்கடி ஏறுகிறவர்களுக்கு விமானக் கம்பெனி கணக்கு வைத்து ஏற்றுகிற மைல். அதைக் கொடுத்தால் எகானமி டிக்கெட் பிசினஸ் கிளாஸாக மாறும். காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். ரஃபீக் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. முன் சீட்டில் முட்டி இடிக்க இடிக்க உட்கார்ந்தே போனான்.

எதற்காக?

பாபிக்கு முதுகுத்தண்டில் கோளாறு. சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் உட்கார முடியாது. வேலூர் ஆஸ்பத்திரிக்கே காரின் பின் சீட்டில் படுத்துக்கொண்டுதான் வருவார். மகளோ ஜெர்மனியில். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், பிரசவத்துக்குப் போக ரஃபீக் இரண்டு எகானமி டிக்கெட் எடுத்தான்.

"மைல் ஒரு ஆளுக்குத்தான் பத்தும். அவ முன்னாடி படுத்துக்கினு வரட்டும். நான் பின்னாடி குந்திக்கிறேன். எனக்கு இன்னா, பழக்கந்தானே" என்றான்.

டிக்கெட்டை மாற்றுவதற்குள் அவன் போய்விட்டான். காலையில் பேக்டரிக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டான். மகளுக்கு நிறைமாதம். அப்பாவின் முகத்தைப் பார்க்கக்கூட வர முடியவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால், அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். ஏதாவது பாக்கி இருந்தால் சொல்லுங்கள், தெரிந்தோ தெரியாமலோ தப்பு செய்திருந்தால் மாஃப் பண்ணிவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று கேட்பார்கள். மகன் இம்ரான் ஒருவரையும் விடவில்லை. தோல் மண்டிக்காரர், லாரி ஆபீஸ், ஷூ வாங்கும் இத்தாலிக்காரர்... அவர் போனிலேயே அழுதாராம். கடைசியில், அப்பா அத்தனை காலம் ஏறி இறங்கிய விமானக் கம்பெனிக்கும் மாஃப் கேட்டு ஒரு மெயில் போட்டான். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நல்ல பிள்ளையாக அதையும் அனுப்பினான்.

கணவர் இறந்தபின் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்தது. அதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். பாபியின் டிக்கெட்டுக்கு வேறு தேதி வாங்க, நானும் இம்ரானும் ஆம்பூர் டிராவல்ஸுக்குப் போனோம். அப்படியே அந்த மைலையும் போட்டுவிடப்பா என்றேன். டிராவல்ஸ்காரர் கம்ப்யூட்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"கணக்கே இல்லண்ணா, மூடிட்டாங்க. ஆள் மவுத்தாயிட்டா மைலும் போச்சு, அதான் ரூல். யாருண்ணா இவங்களுக்குச் சொல்லச் சொன்னது? கம்முனு இருந்திருந்தா வேலை முடிஞ்சிருக்குமே."

இம்ரான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் என்ன செய்வான்? சாவை மறைக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விமானக் கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது. பேச்சுக்குப் பேச்சு ஆழ்ந்த அனுதாபம் சொன்னது. ஏம்மா, செத்தவன் அந்த சீட்டில் உட்கார்ந்தானா இல்லையா, அவன் முட்டி நொந்ததா இல்லையா என்று கேட்டேன். விதிமுறை அப்படி சார் என்றது. மறுபடியும் அனுதாபம். பாவம், அதைத் திட்டி என்ன பயன்? போனை வைத்துவிட்டேன்.

நானே பிசினஸ் கிளாஸ் எடுத்துத் தருகிறேன் என்றாள் மகள். பிரசவச் செலவில் இருக்கிறவளிடம் வாங்க பாபிக்கு மனசில்லை. கம்பெனியின் மேலிடத்துக்கு எழுதிச் சண்டை போடலாம் என்று கிளம்பிய என்னையும் தடுத்துவிட்டார்.

"படுக்கைக்காக இல்லண்ணா. அவர் எனக்குன்னு எடுத்து வெச்சது. அதுல ஏறிப் போகணும்னு இருந்தேன். அவ்ளோதான்."

விமான நிலையத்தில் வீல்சேர் வந்தது. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். துணைக்குப் போகும் இம்ரான் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாபிதான் பேசினார்.

"புள்ள செஞ்சது சரிதாண்ணா. நாம மாஃப் கேட்டோம். அவங்க நம்மகிட்ட கேக்கல, அதனால இன்னா? நானே மாஃப் பண்ணிட்டேன். அவர் பேரச் சொல்லி யார் மேலயும் கோவம் வாணாம்."

போய்ச் சேர்ந்ததும் இம்ரான் பேசினான். பாதி வழி அம்மா உட்காரவே இல்லையாம். விமானத்தின் கடைசியில், டாய்லெட் பக்கத்துச் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனாராம். வீட்டுக்குப் போனதும் படுத்தவர்தான். பேத்தியைத் தூக்க முடியவில்லை. கொண்டுவந்து பக்கத்தில் படுக்க வைத்தார்களாம். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

பாபி மாஃப் பண்ணிவிட்டார். நான் பண்ணவில்லை.