மேல்வீட்டுக்காரரின் காலைச் சாப்பாடு

என் அக்காவின் வீட்டுக்காரர் காலையில் சாப்பிட உட்கார்ந்தால், அதைப் பார்க்க டிக்கெட் போட்டே வசூலிக்கலாம். நான் பக்கத்து வீடு, போதாக்குறைக்கு மச்சினி, அதனால் எனக்கு இலவசம்.

அத்தானுக்கு டவர் கிரேனில் வேலை. பெரிய கட்டடம் எழும்பும் இடத்தில் இரும்புக் கோபுரம் ஒன்று நிற்குமே, அதன் உச்சியில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே கொக்கியில் மாட்டிவிடும் கம்பிக் கட்டுகளைத் தூக்கி வேண்டிய மாடியில் வைப்பவர். குடியிருப்பதோ தரைத்தளத்தில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில். அந்த வேடிக்கைக்காகவே தெருவில் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார்.

கூண்டுக்குப் போக ஏணிதான். காலையில் ஏறினால் மதியம்தான் இறக்கம். மேலே அடுப்பும் கிடையாது, கழிவறையும் கிடையாது. அதனால் டீ அரை டம்ளருக்கு மேல் குடிக்க மாட்டார். மற்றதெல்லாம் கெட்டியாக, கனமாக, மதியம் வரை தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும். "வயிறு கனமா இருந்தா காத்து நம்மள அசைக்காது மச்சினி" என்பார். உடைத்த கோதுமையைப் பாலில் வேகவைத்த கஞ்சி, அதில் கரண்டியை நட்டால் கரண்டி நிற்க வேண்டும். நடுவில் ஒரு கட்டி வெண்ணெய், அது பாதி உருகியும் பாதி உருகாமலும் இருக்கும்போதே தட்டு அவர் முன்னால் வந்துவிட வேண்டும். இரும்புச் சட்டியில் தோலோடு வறுத்த உருளைக்கிழங்கு. ஓரம் முறுகிய முட்டை. ரொட்டி மட்டும் நேற்றையதுதான் வேண்டும், புது ரொட்டி பல்லில் ஒட்டுகிறதாம். ஒருநாள் அக்கா கடை மாற்றி வெண்ணெய் வாங்கிவிட்டாள். வாயில் வைத்ததுமே, "கடைக்காரர் வெளியூர் போயிட்டாரா?" என்று கேட்டார். அப்படி ஒரு நாக்கு.

நான் பெட்டியில் வரும் கார்ன்ஃப்ளேக்ஸைப் பாலில் போட்டுச் சாப்பிடுகிறவள். நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் பார்சல் ஆபீசுக்கு ஓடுகிறவள். என் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அட்டைப்பெட்டிய விட்டுட்டு உள்ள இருக்கறத ஏன் சாப்பிடற? ரெண்டும் ஒரே ருசிதானே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்துத் தின்றுவிட்டுத்தான் கிளம்புவேன். அதைச் சொல்லிக்காட்டாத மனுஷர்.

இதையெல்லாம் ஆக்கிப் போடுகிற என் அக்கா அதிகம் பேச மாட்டாள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவளுடைய தையல் மெஷின் முன் அறை ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில்தான் இருந்தது. தெருமுனையில் இந்தக் கட்டடம் ஆரம்பித்து அத்தானின் கிரேன் அங்கே எழும்பியதும், மெஷினைத் தானே இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டு இருட்டில் போட்டாள். கேட்டால், "முன்னாடி தூசிடி" என்றாள். காய்கறி வாங்கப் போனாலும் அந்த முனையை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவாள். காற்று பலமாக வீசுகிற நாளில், சாயங்காலம் கதவு திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் முகத்தில் ரத்தம் ஓடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அவர் ஏறுகிற கூண்டை அண்ணாந்து பார்த்ததில்லை. அவரிடம் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. மனுஷருக்கு அந்தக் கூண்டு என்றால் உயிர், அதைப் பிடுங்க நான் யார் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதோடு சரி.

இப்படி இருக்கும்போது கம்பெனியில் புது பாதுகாப்பு பெல்ட் வந்தது. ஏணியில் விழுந்தால் பிடித்துக்கொள்கிற பெல்ட். அது இவ்வளவு எடையைத்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அத்தான் அந்தக் கணக்கைத் தாண்டியிருந்தார், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அடுத்த உடல் பரிசோதனைக்குள் இளைக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில்தான் வேலை என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நாளைலேருந்து எனக்குக் கஞ்சியத் தண்ணியா வச்சுடு. வெண்ணெய் வேணாம். கெழங்கும் வேணாம்" என்றார்.

"சரிங்க" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் அந்த மேசையைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு கிண்ணம் தண்ணீர்க் கஞ்சி, இரண்டு துண்டு வெள்ளரிக்காய், அவ்வளவுதான். இரும்புச் சட்டி ஆணியில் தொங்கியது. அத்தான் ஒரு கரண்டி வாயில் வைத்தார். அக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்த தலை நிமிராமல் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்று சொல்லிக் கிளம்பினார்.

எடை பார்க்கிற பொறுப்பு எனக்கு. எங்கள் பார்சல் ஆபீசில் மூட்டைகளை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று தரையோடு தரையாக இருக்கிறது. வாரக் கடைசியில் அத்தான் அதில் ஏறி நிற்பார். "எந்த ஊருக்கு அனுப்பணும்? ஒடையிற சாமானா?" என்று நான் கேட்பேன், ஆபீசே சிரிக்கும். முதல் வாரம் சிரித்தோம். அடுத்த வாரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. முள் இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருந்தது.

"அத்தான், உண்மையச் சொல்லுங்க. எங்க போய்த் திங்கறீங்க?"

"ஒரு பிஸ்கட்டுகூடத் தொடல மச்சினி."

நான் நம்பவில்லை. எனக்கு மூக்கு மேல் கோபம் என்று சொல்வார்கள், சொல்லட்டும். மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நேராகக் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கே போய் நின்றேன். கீழே கொக்கியில் சுமை மாட்டுகிறவர் அத்தானுக்குப் பல வருஷக் கூட்டாளி. அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"அட நீ வேறம்மா" என்றார் அவர் பாவமாக. "மனுஷன் வாடிப்போய் ஏறுறாரேன்னு நானே கேட்டேன். கெழங்கு வறுத்து டப்பால போட்டு இந்தக் கொக்கிலயே மாட்டி அனுப்பறேன், யாருக்குத் தெரியப் போவுதுன்னேன். வேணவே வேணாம்னுட்டாரு. வீட்ல குடுக்கறதத் தவிர எதையும் தொட மாட்டாராம்."

வீட்டில் கொடுப்பதைத் தவிர. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் விடியாததுமாக அக்காவின் சமையலறைக்குள் நுழைந்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள், நான் வந்தது தெரியவில்லை. கஞ்சி பார்க்கத் தண்ணீராகத்தான் இருந்தது. அதில் வெண்ணெயைப் போட்டாள். ஒரு கட்டி, இன்னொரு கட்டி. மத்தால் கடைந்து கடைந்து மேலே மினுக்கமே தெரியாமல் கரைத்தாள். பிறகு பாலேட்டையும் அரைத்த பாதாமையும் ஊற்றி மறுபடி கடைந்தாள். கெட்டிக் கஞ்சியில்கூட இத்தனை சத்து இருந்திருக்காது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். "என்னக்கா பண்ணற நீ?"

மத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவரு கீழ வரணும்டி" என்றாள். "அவ்ளோதான். காத்தடிச்சா மெஷின்ல கை ஓட மாட்டேங்குது. வாய் விட்டுச் சொன்னா எனக்காக இறங்கிடுவாரு, அப்பறம் ஜன்மத்துக்கும் அந்தக் கிரேனையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. தானா வந்ததா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. கோபத்தை மட்டும் வெளியே விட்டேன். "அந்த மனுஷன் உன்னை நம்பி வாயக் கட்டிட்டு இருக்காரு. நீ அவர ஏமாத்தற. இது நியாயமாக்கா?" என்று கத்தாத குறையாகக் கேட்டேன். அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பானையிலிருந்த கஞ்சியை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். புதிதாக உலை வைத்து, வெறும் தண்ணீரும் உடைத்த கோதுமையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, நிஜமான தண்ணீர்க் கஞ்சி காய்ச்சினாள்.

அத்தான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் வாசல்படியிலேயே நின்றேன். அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஒரு கரண்டி வாயில் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கிண்ணத்தைப் பார்த்தார், அக்காவின் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடை மாற்றி வாங்கிய வெண்ணெயையே கண்டுபிடித்த நாக்கு அது. ஒளித்து வைத்த வெண்ணெயையா கண்டுபிடித்திருக்காது? முதல் நாள் முதல் கரண்டியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தினமும் கிண்ணத்தைக் காலி செய்திருக்கிறார். தெரிந்தேதான் என் தராசிலும் ஏறி நின்றிருக்கிறார், அந்தத் திருடர்.

அத்தான் எழுந்தார். அலமாரியைத் திறந்து வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். ஒரு பெரிய கட்டியை வழித்துக் கஞ்சியில் போட்டுக் கலக்கினார்.

"நேத்து மாதிரி இல்லம்மா இன்னிக்கு" என்றார். "நாளைக்கு ஒழுங்கா வச்சுடு."

அக்கா திரும்பினாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"கெழங்கு வறுக்கட்டுமாங்க?" என்றாள்.

"தோலோட" என்றார் அத்தான்.

பரிசோதனையில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கம்பெனி அத்தானைத் தரைக்கு மாற்றியது. இப்போது கையில் வாக்கிடாக்கியோடு கொக்கிக்காரக் கூட்டாளியின் பக்கத்தில் நின்று, மேலே இருக்கிறவருக்கு இடது வலது சொல்கிறார். வருத்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் சில நாள் சாயங்காலம் வீடு திரும்பினால் கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அண்ணாந்து அண்ணாந்து பார்த்த வலி என்பார். அது மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. அக்கா எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிடுவாள்.

ஒரு வாரம் கழித்து அவள் மெஷினை மறுபடி முன் அறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். ஒரு முனையை நான் பிடித்தேன். ஆனாலும் முதுகை ஜன்னலுக்குக் காட்டியே உட்கார்ந்து தைத்தாள்.

அன்று நல்ல காற்று. அத்தான் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அக்கா தைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, இப்போ மேல ஏறறவரு காலைல என்ன சாப்பிடறாரு?"

"அவனா? புதுசா வந்தவன், தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். பிஸ்கட்டுதான்."

அக்காவின் முகம் மாறியது. "பிஸ்கட்டா? இந்தக் காத்துலயா?" என்றவள் எழுந்து போய் ஆணியிலிருந்து இரும்புச் சட்டியை எடுத்தாள். "செத்த இருங்க, போயிடாதீங்க."

அத்தான் அன்று சிவப்புத் துணிப்பையில் சுற்றிய டப்பாவோடு வேலைக்குப் போனார். நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது பார்த்தால், அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நின்றிருந்தாள். கிரேனின் கொக்கி மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. அதில் கம்பிக் கட்டு இல்லை. சின்னதாக, சிவப்பாக ஒரு பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பை ஏற ஏற அக்காவின் தலையும் நிமிர்ந்துகொண்டே போனது. கூண்டு வரைக்கும் நிமிர்ந்தது. கண்ணாடிக் கதவு திறந்து ஒரு கை வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டது.

அக்கா கம்பியை விட்டாள்.

"வாங்கிட்டாருடி" என்றாள். "சூடு ஆறியிருக்காது, இல்ல?"