பாதிக் கதைக்குப் பொன்னாடை

மாசாணியம்மாள் எழுதிய கதையில் இந்த வாரமும் ஒரு தாய் செத்துப்போனாள். ராமாமணி செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். போன மாதம் செத்தவளைப் பாம்பு கடித்தது. அதற்கு முந்தினவள் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் போய்விட்டாள். இவள் தலையில் தென்னை மட்டை விழுந்திருக்கிறது. எப்படிச் செத்தாலும் எல்லாருமே சிரித்த முகமாகச் செத்தார்கள் என்பதைத்தான் ராமாமணியால் தாங்க முடியவில்லை.

ராமாமணிக்கு சூலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வேலையில் முகதாட்சண்யத்துக்கு இடமில்லை. சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்றுதான் ரிப்போர்ட் வரும், வந்திருப்பவர் மில் முதலாளி என்பதற்காகக் குறைத்துப் போட முடியாது. இந்தப் பழக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் 'நொய்யல் கதைக்கூட்டம்' என்ற வாட்ஸப் குழுவில் சேர்ந்தது அவள் தலையெழுத்து.

குழுவை நடத்துகிறவர் சென்னகிருஷ்ணன். நூல் மில் வைத்திருந்து, அதை மகன்களிடம் கொடுத்துவிட்டுக் கதை பக்கம் வந்தவர். உடுமலைப்பேட்டையிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் ஆட்கள் உண்டு. வெள்ளிக்கிழமை ஒருவர் கதை போடுவார், மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு சூலூரில் முஸ்தபாவின் பேக்கரி மாடியில் நேரில் கூடுவார்கள். முஸ்தபாவும் கதை எழுதுவார் என்பதால் மாடிக்கு வாடகை கிடையாது. டீயும் பப்ஸும் சென்னகிருஷ்ணன் கணக்கு.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ராமாமணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. இங்கே கருத்து என்பது மொய். என் வீட்டு விசேஷத்துக்கு நீ வந்தாயா, உன் வீட்டு விசேஷத்துக்கு நான் வருவேன். நீ என் கதைக்கு மூன்று வரி எழுதினால் உன் கதைக்கும் மூன்று வரி. நீ வெறும் கைகூப்பும் பொம்மை போட்டால் உனக்கும் அதே பொம்மை. விட்டுப்போனால் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் மனதில் வைத்துக்கொள்வார்கள். கதை நன்றாக இருக்கிறதா என்கிற கேள்வி கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு எத்தனை பல் என்று கேட்பது மாதிரி, யாரும் கேட்பதில்லை.

ராமாமணி கேட்டாள். ஒவ்வொரு கதையையும் உட்கார்ந்து படித்து, எங்கே நின்றது, எங்கே நொண்டியது என்று பத்தி பத்தியாக எழுதினாள். பெரும்பாலும் எல்லாக் கதையும் கடைசியில்தான் கெட்டுப்போயிற்று. அழ வைத்தே தீருவேன் என்று கதாசிரியர் கையைப் பிடித்து இழுப்பார். 'முடிவை வெட்டுங்க' என்று எழுதி எழுதி அவளுக்குக் கை வலித்தது. முதல் இரண்டு எழுத்தைத் தட்டினாலே செல்போன் மீதியைத் தானாக எடுத்துக் கொடுத்தது.

பலன் என்ன? ஒன்றும் இல்லை. 'தங்கள் மேலான கருத்துக்கு மிக்க நன்றிங்க' என்று பதில் வரும். அடுத்த கதையிலும் அதே மழை, அதே ஆஸ்பத்திரிக் கட்டில், அதே சிரித்த முகம். எதிர்த்துச் சண்டைக்கு வந்தாலாவது படித்திருக்கிறார்கள் என்று ஆறுதல் அடையலாம். இந்த மரியாதை இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்ய முடியாது.

ஒரு தடவை சென்னகிருஷ்ணன் போனில் கூப்பிட்டு, ரொம்ப நேரம் உடம்பு சௌகரியம், மழை, நூல் விலை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அம்மணி, நீங்க சொல்றது அத்தனையும் சரிதானுங்க. நல்லதா நாலு வார்த்தை சொல்லிப்போட்டு அப்புறம் குத்தத்தைச் சொன்னீங்கன்னா தேவலைங்க."

அதையும் செய்து பார்த்தாள். நல்லதாக நாலு வார்த்தை சொன்னாள். எழுதியவர்கள் அந்த நாலு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துத் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவள் கோபத்தில் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள். கணவன் சசிதர் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அவனும் அந்தக் குழுவில் சேர வேண்டிய ஆள்தான்.

இப்படிப்பட்ட ராமாமணி இந்த வருஷம் தானே ஒரு கதை எழுதினாள்.

அவளுடைய அப்பாவைப் பற்றிய கதை. அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருடைய ரத்தத்தைச் சோதித்து ரிப்போர்ட்டை முதலில் பார்த்தவள் அவள்தான். கதையிலும் ஒரு மகள், லேப்பில் வேலை, அப்பாவின் ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்து, "என்ன கண்ணு வந்திருக்குது?" என்று கேட்கிறார். அதற்கப்புறம் மகள் என்ன சொன்னாள் என்பது இரண்டாம் பாதி. மாதக்கணக்கில் எழுதி அழித்து எழுதி, இதைப் போட்டால் தான் எழுதத் தெரிந்தவளா இல்லையா என்பது தெரிந்துவிடும் என்று முடிவு செய்தாள். யாராவது ஒருத்தர் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். தேறாது என்றால் அத்தோடு எழுத்தை விட்டுவிடுவது, இந்த வயதில் அவளுக்குப் பொய்ச் சமாதானம் வேண்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், லேப்பில் கூட்டம் குறைந்த நேரத்தில் கதையைப் போட்டாள். நீளமாக இருந்ததால் இரண்டு துண்டாக அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் பாராட்டுக் குவிந்துவிட்டது. அருமைங்க. முடிவு மனசை என்னமோ பண்ணிப்போட்டுதுங்க. கடைசி வரியில் கண் கலங்கிவிட்டதுங்க. கைகூப்பும் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. மாசாணியம்மாள் ஒரே வார்த்தையில் 'அழுதுட்டனுங்க' என்று போட்டிருந்தார்.

ராமாமணிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்தச் சந்தோஷத்தில் தன் கதையைத் தானே இன்னொரு தடவை படிக்கலாம் என்று மேலே தள்ளிப் பார்த்தாள். முதல் துண்டு இருந்தது. இரண்டாம் துண்டைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் அது லேப் ஊழியர்கள் குழுவில் கிடந்தது. அங்கே வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போகிற பெண் ஒருத்தி அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தாள்.

ஆக, குழு மொத்தமும் கண் கலங்கியது பாதிக் கதைக்கு. கேள்வியோடு அந்தரத்தில் நிற்கிற ஒரு கதையைப் பார்த்து, மீதி எங்கே என்று கேட்க ஓர் ஆள் இல்லை. ராமாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே மீதியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. பார்த்துவிடலாம், எவராவது கேட்கிறார்களா என்று காத்திருந்தாள். அந்த வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக சென்னகிருஷ்ணன் கூப்பிட்டு, இந்த மாதக் கூட்டத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னார். இத்தனை நாள் எல்லாருடைய கதையையும் படித்து எழுதிய தனக்குப் படிக்காமலே வைத்த மொய்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வந்தது. கோபம்தான் முதலில் வந்தது, அழுகை அப்புறம்.

கூட்டத்துக்கு ஒரு முடிவோடுதான் போனாள். பொன்னாடையை வாங்கிக்கொள்வது, எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவது, குழுவை விட்டு விலகிவிடுவது.

மாடியில் பப்ஸ் வாசனை தூக்கலாக இருந்தது. சென்னகிருஷ்ணன் பேசினார், போர்த்தினார், எல்லாரும் கை தட்டினார்கள். மாசாணியம்மாள் உடுமலையிலிருந்து பஸ் மாறி வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ராமாமணி எழுந்து நின்று, நன்றி சொல்லாமல், அந்தக் கதையில் மகள் கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

முஸ்தபா டீத் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

தான் போட்டது பாதிதான் என்பதைப் போட்டு உடைத்தாள். தனக்கு வந்த கருத்துகளைச் செல்போனைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தாள். முடிவே இல்லாத கதையின் முடிவு யாருடைய மனதை எப்படிப் பிசைந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருப்பதாகச் சொன்னாள். படிக்காமல் பாராட்டுவதைவிட ஒருத்தர் முகத்துக்கு நேரே திட்டுவது எவ்வளவோ மேல் என்றாள்.

சென்னகிருஷ்ணன் மெதுவாக எழுந்தார்.

"அம்மணி, எனக்குக் கொஞ்சம் சந்தேகந்தானுங்க. ஆனா நீங்க எங்க அத்தனை பேர் கதைக்கும் முடிவை வெட்டுங்க, முடிவை வெட்டுங்கன்னு சொல்றவங்க. உங்க கதைக்கும் வெட்டிப்போட்டுத்தான் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். அதைப் போய்க் கேட்டா நல்லா இருக்குங்களா?"

பின் வரிசையில் ஒருவர் தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். இன்னொருவர், கேட்டால் விவரம் தெரியாதவன் என்று நினைத்துக்கொள்வாளோ என்று பயந்ததாகச் சொன்னார். முஸ்தபா அந்தக் கதையில் வருகிற ஆரஞ்சுப் பழத்தைப் பற்றிச் சொன்னார். கதையில் அப்பா உரித்த சுளையை மகளுக்கென்று தனியாக எடுத்து வைத்தது தன் வாப்பாவை ஞாபகப்படுத்தியதாம். அது மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு வரி. படிக்காதவருக்குத் தெரிய வழியில்லை.

ராமாமணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படித்திருக்கிறார்கள். எல்லாருமே படித்திருக்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டு வாரம் அவள் இப்படி வெந்து சாக வேண்டியிருக்காது. இந்த மரியாதையை என்ன செய்வது? எரிச்சலில் பாதி அடங்கி, பாதி இன்னும் அடங்காமல், சரி, மீதியையும் கேளுங்கள் என்று இரண்டாம் பாதியைப் படிக்க ஆரம்பித்தாள்.

அதில் மகள் ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறாள். அது பொய் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாதது போல மகளின் தலையைத் தடவிக் கொடுக்கிறார். வெளியே மழை பிடிக்கிறது. விடியும்போது சிரித்த முகமாகப் போய்ச் சேர்கிறார். படிக்கப் படிக்க ராமாமணியின் காதிலேயே அது ஒரு மாதிரி விழுந்தது. நடுவில் நிறுத்தவும் முடியவில்லை, முடிக்கும்வரை தலையைத் தூக்காமல் படித்தாள்.

ஒருவரும் கை தட்டவில்லை. மாசாணியம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. இந்தப் பாதி வேண்டாமுங்க."

ஏன் என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்ல வராதுங்க. மொதப் பாதி பூரா அப்படித்தான எழுதியிருக்கறீங்க. நெசத்தைச் சொல்லவும் அப்பன் மூஞ்சியப் பாத்து மனசு வந்திருக்காது. நீங்க ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டீங்க."

அந்தப் புள்ளை என்று ஆரம்பித்தவர் நீங்க என்று முடித்ததை அவரும் கவனிக்கவில்லை, கூட்டத்திலும் யாரும் கவனிக்கவில்லை.

ராமாமணிக்குச் சுரீர் என்றது. நீங்கள் சாகடித்த தாய்மார்கள் எத்தனை பேர், எனக்கு வந்து பாடம் எடுக்கிறீர்களா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூன்று வருஷமாக இந்த மாடியில் அவள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஒன்று இப்போது கிடைத்திருந்தது. அதை வாங்கிக்கொள்வது இவ்வளவு எரியும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நிஜத்தில் அப்பா கேட்ட அன்றைக்குப் போன் எதுவும் அடிக்கவில்லை. அவள்தான் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஹலோ ஹலோ என்று சொல்லியபடி வராந்தாவுக்குப் போனாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அப்பா ரிப்போர்ட்டைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டார். அதற்கப்புறம் இருந்த நாட்களிலும் கேட்கவில்லை.

பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டு மாசாணியம்மாளைப் பார்த்தாள்.

"சொல்லலீங்கக்கா," என்றாள். "போன் வந்த மாதிரி எந்திரிச்சுப் போயிட்டனுங்க."

சசிதரிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.