அத்தான் ஊறப்போட்ட மாப்பிள்ளைச் சம்பா

போன வாரம் பாபநாசத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தான் ஆரம்பித்துவிட்டார்.

"ஏமாத்திட்டா... அந்த வலங்கைமான் பொம்பளை என்னை நல்லா ஏமாத்திட்டா!"

அத்தான் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது இயற்கை விவசாயி. அதாவது, காலையில் யூடியூப் பார்ப்பார். மாலையில் அதை ஊருக்கு விளக்குவார். நடுவில் கொஞ்சம் வயலும் உண்டு.

அவர் திட்டிய பொம்பளையின் பெயர் எஸ்தரம்மா. சொந்த வயலில் மாப்பிள்ளைச் சம்பா போட்டு, விதைநெல் எடுத்து, கேட்பவர்களுக்குக் கொடுப்பவர். கணவர் இல்லை. அந்த வருமானத்தில்தான் மகள் நர்சிங் படிக்கிறாள். விளம்பரம் கிடையாது, போர்டு கிடையாது. 'எஸ்தரம்மா விதைன்னா முளைக்கும்' என்று நாலு பேர் சொல்வதுதான் அவருடைய மொத்த முதல்.

அந்தப் பேரில்தான் அத்தான் கை வைத்திருந்தார். சாக்கில் கட்டி வைத்த விதை முளைவிடவில்லையாம். உடனே விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு போட்டுவிட்டார் — 'போலி விதை. உஷார். அதிகம் பகிரவும்.'

பகிராமல் இருப்பார்களா நம் மக்கள்? காலையில் போட்டது மத்தியானத்துக்குள் ஒரத்தநாடு வரை போய்விட்டது. விதை கேட்டு வைத்திருந்தவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். எஸ்தரம்மா என் அக்காவுக்கு போன் போட்டு அழுதிருக்கிறார்.

நான் தாவரவியல் படித்தவள். இதற்குப் 'பரவல்' என்று பெயர். நெருக்கமாக இருக்கும் இடத்திலிருந்து காலியான இடத்துக்கு ஒரு பொருள் தானாகவே போகும். யாரும் பிடித்துத் தள்ள வேண்டாம். சாம்பிராணி வாசம் அடுப்படி வரை போவது அப்படித்தான். அவதூறும் அதே ஜாதி. போனதைத் திரும்ப அள்ளி டப்பாவில் அடைக்க முடியுமா?

எனக்குக் கோபம் வந்தது. சாக்கைப் பிரித்து ஒரு நெல்லை எடுத்து வாயில் போட்டேன்.

கரித்தது!

"என்ன அத்தான் இது, இப்படி உப்பு கரிக்குது?"

"பின்ன? முறைப்படி விதைத் தேர்வு செஞ்சிருக்கேன்ல!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

முறை என்னவோ நல்ல முறைதான். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வர வேண்டும். அடியில் கிடக்கும் கோழிமுட்டை மேலே வந்து தலை காட்டினால் உப்பு போதும் என்று அர்த்தம். அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், கெட்டி விதை அடியில் தங்கும். பதரை அரித்து வீசிவிட்டு, நல்ல விதையை உடனே எடுத்து, நல்ல தண்ணீரில் உப்பு போக அலசி, அதன் பிறகுதான் ஊறவைக்க வேண்டும். டெல்டாவில் பலரும் செய்வதுதான்.

"அலசினீங்களா?"

"எதுக்கு அலசணும்? உப்பு கிருமியைக் கொல்லும்மா. ராத்திரி பூரா அதுலயே நல்லா ஊறட்டும்னு விட்டுட்டேன்."

அடப்பாவமே! முட்டை மிதந்ததும் அத்தான் வீடியோவுக்கு லைக் போட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறார். அலசுகிற பகுதியை யார் பார்ப்பது... இவருடைய தாத்தாவா?

"அத்தான், விதைக்குள்ள இருக்கற ஒவ்வொரு செல்லையும் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அது தண்ணியைச் சுலபமா விடும், உப்பை லேசுல விடாது. உப்பு எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம்தான் தண்ணி போகும். சவ்வூடு பரவல்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்களே?"

"நான் காமர்ஸ் குரூப்."

அடுப்படியிலிருந்து அக்கா வெளியே வந்தாள். "மாவடு போடறப்ப ஜாடியில நான் என்னைக்காவது தண்ணி ஊத்தியிருக்கேனா? உப்பைத்தானே போடறேன். மறுநாள் ஜாடி நிறைய தண்ணி நிக்குது, மாங்கா சுருங்கிக் கிடக்குது. வருஷா வருஷம் வக்கணையா சாப்பிடறீங்கள்ல?"

அத்தானும் சாக்கிலிருந்து ஒரு நெல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

மாவடுவுக்கு நடந்ததுதான் விதைக்கும் நடந்தது. சுற்றிலும் தண்ணீர், ஆனால் அந்தத் தண்ணீரை உப்பு பிடித்து வைத்திருக்கிறது, உள்ளே விடவில்லை. குடிக்க வழியில்லாத விதை எப்படி முளைக்கும்? பழி மட்டும் வலங்கைமானுக்கு!

சாக்கிலிருந்த அத்தனை நெல்லையும் நானும் அக்காவும் அண்டாவில் கொட்டி, கரிப்பு போகும் வரை அலசினோம். நல்ல தண்ணீரில் ஊறவைத்து மறுபடி சாக்கில் கட்டினோம். என்ன ஆகிறதென்று பார்க்காமல் கிளம்ப எனக்கு மனசில்லை; அங்கேயே தங்கிவிட்டேன். எஸ்தரம்மாவின் அழுகை எனக்கே கேட்பது போல இருந்தது.

சாக்கைப் பிரித்த அன்று வெள்ளை வெள்ளையாய் முளை! எல்லாம் இல்லை. மெல்ல மெல்ல உள்ளே கசிந்த உப்பு கொஞ்சம் விதையைக் கொன்றிருந்தது. மிச்சமெல்லாம் பிழைத்துவிட்டது.

"பார்த்தியா, நம்ம கைராசி!" என்றார் அத்தான்.

கைராசியாம்! எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். "குரூப்புல போடுங்க அத்தான்" என்று மட்டும் சொன்னேன்.

"அதான் முளைச்சிருச்சே, விடும்மா" என்றார்.

ஆனால் வயலுக்கு விதை போதவில்லை. வேறு வழியில்லாமல் எஸ்தரம்மாவுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் அக்கா.

"விதை இருக்குங்க சார், தர்றேன். அன்னிக்குப் போட்டீங்கள்ல... அதே குரூப்புல முதல்ல ஒரு வார்த்தை போட்டுடுங்க."

அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டைப் அடித்தார். 'விதை தொடர்பாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது. வருந்துகிறோம்.' லோன் கட்டச் சொல்லி லெட்டர் எழுதிய கையல்லவா!

கொஞ்ச நேரத்தில் எஸ்தரம்மாவே கூப்பிட்டார். "பார்த்தேங்க சார். யாரு தப்புன்னு போடலையே... மூட்டை இங்கேயே இருக்கட்டுங்களா?"

'என் தப்பு' என்று அத்தான் எழுதிய பிறகுதான் அந்த மூட்டை பஸ் ஏறியது.