கோடு விழாத போத்தல்

சண்டையால் முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து, உடையார்கட்டில் ஒற்றை அறைக் கொட்டில் ஒன்றில் இரண்டு குடும்பங்களாக இருந்தோம். அப்போது எங்களுக்கு எல்லாமே அலுப்பு. தண்ணீர் அள்ள அலுப்பு, விறகு பொறுக்க அலுப்பு, யாராவது சுகம் விசாரித்தால் பதில் சொல்லவும் அலுப்பு. சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள்கூட இருமி இருமித்தான் ஓடியது.

தடை இருந்ததால் வன்னிக்குள் பெற்றோல் வராது. எல்லாரும் மண்ணெண்ணெயில்தான் ஓடினார்கள். ஆனால் எஞ்சினைக் கிளப்பக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். சித்திக்கு எட்டாம் மாதம். அவசரமென்றால் புதுக்குடியிருப்பு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக, சித்தப்பா யார் யாரிடமோ கெஞ்சி, இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வாங்கிவந்து குசினி மூலையில் வைத்தார். அதை அம்மாவிடம் சொல்ல மறந்துபோனார்.

மறுநாள் காலையிலேயே சித்திக்கு வலி தொடங்கிவிட்டது. சித்தப்பா ஓடிப்போய் எடுத்தால், போத்தல் வெறுமை. விளக்குக்கு ஆகட்டுமென்று அம்மா அதை மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குள் ஊற்றியிருந்தார்.

"ஐயோ, நான் பாவி! தடிமனிலை எனக்கு ஒரு மணமும் தெரியேல்லை. மண்ணெண்ணெய் எண்டெல்லோ நினைச்சன்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் கிழமைதான் மரத்தடி வகுப்பில் ஆசிரியை தண்ணீரையும் மண்ணெண்ணெயையும் ஒரு போத்தலில் குலுக்கி வைத்துக் காட்டியிருந்தார். சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்து நடுவில் கோடு விழுந்தது. அது பல்லினக் கலவை. சீனித் தண்ணீரில் கோடு விழாது, எங்கே பார்த்தாலும் ஒரேமாதிரி இருக்கும், அது ஏகவினக் கலவை. அன்றிலிருந்து என் தொல்லை தாங்க முடியாது. கல்லோடு வந்த நிவாரண அரிசி பல்லினம், தேத்தண்ணீர் ஏகவினம் என்று வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"சித்தப்பா, ஆட்டாமல் வைச்சால் பிரியும். கோடு விழும். மேலை நிக்கிறதை ஊத்தி எடுக்கலாம்," என்றேன்.

சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

"ஓம் பிள்ளை, நீ படிக்கிறனி. சரியாத்தான் இருக்கும்."

போத்தலை எடுத்துக்கொண்டு, என்னை வளவின் கடைசியில் நின்ற நாவல் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். "கண் எடுக்கப்படாது. எழும்பி ஓடினால் ஆடிப்போம். கோடு விழுந்தவுடனை கூப்பிடு," என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சித்தி ஆசுப்பத்திரிக்குப் போவதும் போகாததும் என் கண்ணில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். சித்தப்பா மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்ப்பது கேட்டது. அது கிளம்பவில்லை. பிறகு பக்கத்து வளவு மாட்டுவண்டி வந்தது. அம்மா அழும் சத்தமும் கேட்டது. வண்டி மெல்ல மெல்லப் போனது. நான் திரும்பவில்லை. திரும்பினால் கோட்டைத் தவறவிட்டுவிடுவேனே! வெயில் சரிந்து போத்தலில் பட்டபோது பாவாடையை விரித்து மறைத்தேன்.

பொழுதுபட வண்டி திரும்பி வந்தது. சித்தியைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அம்மா வெறுங்கையோடு பின்னால் இறங்கினார். சித்தப்பா நேரே என்னிடம் வந்து குந்தினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சித்தப்பா, கோடு விழேல்லை. சத்தியமாய் நான் ஆட்டேல்லை."

"ஓம் பிள்ளை. நீ ஆட்டேல்லை," என்றவர், முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினார்.

பெற்றோல் போய்விட்டதே என்றுதான் அவர் அழுகிறார் என்று நினைத்தேன். "நாளைக்கும் பாப்பம் சித்தப்பா, கட்டாயம் விழும்," என்று முதுகைத் தடவினேன். அவரும் தலையாட்டினார்.

வருடக்கணக்காகப் பெற்றோலோடும் மண்ணெண்ணெயோடும் மாரடித்த மனிதர். இரண்டும் கலந்தால் பிரியாது என்பது அவருக்குக் காலையிலேயே தெரியும். சித்தி வலியில் துடித்த அந்த ஒற்றை அறைக் கொட்டிலில், சின்னப்பிள்ளையான என்னை அவர் வேறு எங்கே இருத்துவார்?