அப்பாவின் கையை வரைந்து வைத்தவர்

கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியோடு பள்ளிக்கு வந்து நின்றார். சிதம்பரத்திலிருந்து போன் வந்ததாம். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிய சேகர் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழவே இல்லை.

அவர் அம்மாவின் தம்பி. வீடு சிதம்பரத்தில். கடலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவோடு சேர்ந்து நாற்காலிப் பட்டறை வைத்திருந்தார். இப்போது அவர் பெயரைச் சொன்னாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு, பயந்துகொண்டே இதை எழுதுகிறேன். மாமாவைத் தெரியாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பட்டறைக்குச் சின்ன ரூட்டர் மிஷின் ஒன்று வந்தது. ஒரு கையால் ஓட்டி மரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டலாம். நேரான கட்டைக்குத் தொல்லையில்லை. எங்கள் நாற்காலிக் கால்களோ சாய்ந்தவை. அப்பா அவற்றை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். மிஷின் விட்டுவிட்டு அலறும். ஒருநாள் கட்டை துள்ளி, அவர் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துவிட்டது.

அன்றைக்கே மாமா காடாம்புலியூர்ப் பலாப்பலகையில், கட்டையை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு ஜிக் செய்ய உட்கார்ந்தார். நாற்காலிக் காலின் சாய்வு எவ்வளவோ, அதே சாய்வை அடிப்பலகைக்கு எதிர்ப்பக்கமாகக் கொடுத்தார். காலை அதில் கிடத்தி ஆப்பு அடித்தால், வெட்டவேண்டிய பக்கம் மட்டமாக மேலே நிற்கும். ஆனால் மிஷினின் வெட்டும் முனையான பிட் போகும் வழியிலேயே இரும்பு ஸ்க்ரூவை முடுக்கியிருந்தார். தீப்பொறி பறந்தது.

"தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்குது மச்சான்" என்றார் அப்பா.

அதன்பின் மாமா செய்த எந்த ஜிக்கிலும் இரும்பு கிடையாது. எல்லாம் மர முளைதான்.

அடுத்த ஜிக்கைச் செய்தபோது, மதியம் தூங்கிய அப்பாவின் இடது கையை மெல்ல எடுத்துப் பலகைமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். மிஷின் ஓடும்போது கை அந்தக் கோட்டைத் தாண்டிப் போகாதபடி முன்னால் ஒரு தடுப்புக்கட்டை வைத்தார். விழித்த அப்பா, நான் என்ன குழந்தையா என்று திட்டினார்.

"எங்க அக்காவுக்குச் சோறு போடற கை மாமா இது" என்றார் சேகர் மாமா.

அன்றிலிருந்து மிஷின் ஒரே சீராகப் பாடியது. சாயங்காலம் பஸ்ஸுக்குப் புறப்படும்போதெல்லாம் மாமா சொல்வது ஒன்றுதான்: "கையப் பாத்து மாமா, நான் கெளம்பறேன்."

காரியம் முடிந்த மறுநாள் அப்பா அந்த ஜிக்கை விறகோடு போட்டார். இனிமேல் கையாலேயே பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன்.

இன்றுதான் பட்டறையைத் திறந்தார்கள். பள்ளிக்குப் போகுமுன் ஜிக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். வகுப்பில் அப்பாவின் விரல்களே கண்ணில் நின்றன. திரும்பி வந்தபோது கரண்ட் இல்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கரண்ட் வந்தது. மிஷின் ஓடியது. அது கட்டையைத் தொடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அலறவில்லை. ஒரே குரலில் காடியின் கடைசிவரை போய் நின்றது.

ஜன்னல் வழியே பார்த்தேன். அப்பாவின் கை பென்சில் கோட்டுக்குள் இருந்தது. மிஷினை நிறுத்திய பிறகும் அவர் அதை எடுக்கவில்லை.

அப்பாவின் கை பத்திரமாக இருக்கிறது மாமா. நீங்கள் கிளம்பலாம்.