தகரம் செட்டின் ஒரே கேசட்

கேசட்டின் ஓட்டையில் பென்சிலைச் செருகி நிதானமாகச் சுற்றுகிறார் கொளஞ்சியப்பன். ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி முடித்ததும் திருப்பிப் போட்டு மறுபடி சுற்றுகிறார். நாடா ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று மாதம் ஒருமுறை இந்த வேலை. பிறகு துணியில் பொதிந்து ஃபியூஸ் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிடுவார்.

"போட்டுக் கேக்க மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சுத்தி வைக்கிறதோட சரிங்க."

பெரம்பலூர் துறைமங்கலத்தில் பட்டறை வைத்து லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறவர். வயது ஐம்பத்தைந்து. என் பழைய வேன் அடிக்கடி நின்றுபோனதில் பழக்கமானார். வண்டியில் கை வைக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். "எர்த்து சரியில்ல" என்பார். வீட்டுச் சண்டை, வயிற்றுவலி, கட்சிக் கூட்டணி எதைச் சொன்னாலும் அவர் கண்டுபிடிக்கும் கோளாறு அதுதான். பாட்டை அலறவிட்டபடி வரும் டிரைவரிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

தொண்ணூற்றொன்பதில் இதே பட்டறையின் தகரக் கொட்டகையில் நான்கு பேர் சேர்ந்து ராக் வாசித்தார்கள். இவர் பேஸ் கிட்டார். பாடியவர் அறிவரசன். எல்லாம் சொந்தப் பாட்டு. சினிமாப் பாட்டு கேட்டால் கிடையாது. செட்டுக்குப் பெயர் 'தகரம்'. சிறுவாச்சூர் போகிற வழியில் ஒரு லாட்ஜின் பாரில் சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்க இடம் கொடுத்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவார்களாம்.

"மிச்சப் பேரு அறிவரசனுக்காக உக்காந்திருந்தவனுங்க. அவன் வாயத் தெறந்தா கிளாச கீழ வச்சிருவானுங்க."

ஒரு சனிக்கிழமை, கல்லாவில் இருந்த டேப் ரிக்கார்டரில் கச்சேரி முழுவதையும் பதிந்தார்கள். இடையில் யாரோ இரண்டு ஆம்லேட் கேட்கிற குரலும் அதில் உண்டு. தகரம் வாசித்ததற்கு வேறு பதிவு எங்கும் இல்லை.

போன ஆவணியில் அறிவரசனின் மகள் பிரவீணா பட்டறைக்கு வந்தாள். நான் அங்கே இருந்தேன். அறிவரசன் ரெட்டிபாளையத்தில் இருக்கிறார். சிமெண்ட் ஆலையில் இருபது வருடம் மூட்டை ஏற்றியவர். சென்ற ஆண்டு தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

"அப்பா பேசுனது போன்ல இருக்கு மாமா. பாடுனது ஒண்ணுமில்ல. வூட்ல அவரு பாடவே மாட்டாரு. கேசட்டு ஒண்ணு இருந்துச்சு, அறுந்து போச்சுன்னு அம்மா சொன்னாங்க. துண்டு ஏதும் கெடந்தா குடுங்க, ஒட்டிப் பாக்கறேன்."

கொளஞ்சியப்பன் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார். "தேடிப் பாக்கறேம்மா" என்றார். அவள் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அது அறுந்து போவலைங்க. நான்தான் அறுந்துச்சுன்னேன்."

அந்த லாட்ஜில் தங்கியிருந்த ஒருவர் சென்னையில் பாட்டுப் பதிவு செய்கிறவர். அறிவரசன் பாடியதைக் கேட்டுவிட்டு, கேசட்டை அனுப்பச் சொல்லி விலாசம் கொடுத்திருக்கிறார். கேசட் இருந்தது கொளஞ்சியப்பனிடம். நாடா சிக்கி அறுந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அறிவரசனும் நம்பிவிட்டார்.

"அவன் போயிட்டா தகரம் ஏதுங்க? ஆனா மூணே மாசத்துல செட்டு கலஞ்சு போச்சு. அவன் மூட்ட தூக்கப் போயிட்டான்."

மூன்று நாள் அவருக்கு வேலை ஓடவில்லை. வயரை மாற்றி இணைத்து ஒரு லாரியின் ஹாரனைப் புகையவிட்டார். நான்காம் நாள் காலை, பெல்ட் மாற்றிய டேப் ரிக்கார்டரோடு என் வேனில் ஏறினார்.

அறிவரசன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. கொளஞ்சியப்பன் கேசட்டைப் போட்டார். இரைச்சலுக்கு நடுவிலிருந்து அந்தக் குரல் கிளம்பியதும், போனில் பதிந்துகொண்டிருந்த பிரவீணா அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இது நீயா?"

அறிவரசன் தலையசைத்தார். கண் டேப் ரிக்கார்டரை விட்டு அகலவில்லை. முதல் பக்கம் முடிந்து பட்டன் 'டக்'கென்று எழும்பியது.

"மாப்ள, இது அறுந்து போவல" என்றார் கொளஞ்சியப்பன். "மெட்ராசுக்கு அனுப்பச் சொன்னியே, நீ போயிருவேன்னு பயந்துகிட்டுப் பொய் சொல்லிட்டேன். ஒன் பொழப்ப நான்தான் கெடுத்துட்டேன்."

அறிவரசன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. என்ன சொல்ல வந்தார் என்று எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு எழுந்து வந்து, தானே கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டுப் பட்டனை அழுத்தினார். ஸ்டூல் ஒன்றைக் காலால் கொளஞ்சியப்பன் பக்கம் தள்ளிவிட்டார்.

கொளஞ்சியப்பன் உட்காரவில்லை. அந்தப் பக்கம் முடியும் மட்டும், கையைக் கட்டிக்கொண்டு நின்றே கேட்டார்.