கட்டுப்போட்டு ஓடவிட்டவர்

நடக்கும்போதே மடங்கிய என் மூத்த மகளின் கணுக்காலைத் துணியால் இறுக்கிக் கட்டி, போட்டிக்குப் போட்டி ஓடவிட்டவர் அவளுடைய விளையாட்டு ஆசிரியர். கடைசியில் தசைநார் அறுந்து, சத்திரசிகிச்சை செய்து புதிதாகப் பொருத்த வேண்டியதாயிற்று.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து தண்ணீரூற்றிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபின் ஆசிரியர் பார்க்க வந்தார். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் விசில். கதைக்கும்போது அந்த விசிலைச் சப்புவார். மகளோடு சேர்ந்து கைபேசியில் படம் எடுத்தார்.

“சிரியும் பிள்ளை. இனி எப்ப ஓடுவீர்?”

“முதல்ல நடக்கப் பாக்கிறன், சேர்.”

அவர் கண்கள் வாசலில் நின்ற இளையவளின் கால்களுக்குப் போயின.

“அம்மா, அடுத்தமுறை ஓட்டப்போட்டிக்கு இவாவை எடுப்பமே?”

“எழும்பிப் போங்கோ,” என்றேன்.

நான் ஏன் கோபப்படுகிறேன் என்றே விளங்காதவராகப் போனார். அவர் இருந்த கதிரையை முற்றத்தில் வைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அருவருப்பு இன்னும் போகவில்லை.